வாங்கியவரே பொறுப்பு

துறைமுக லாரிப் பேட்டையில் குளிக்க இருபது ரூபாய், மற்றதற்கு ஐந்து ரூபாய். குளியலறை வரிசைக்கும் கழிப்பறை வரிசைக்கும் நடுவில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு சண்முகத்தாய் ஏழு வருஷமாக அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலே, சுவரில் அடித்த ஆணியில் ஒரு அட்டை தொங்கியது. '10 ரூபாய் காயின் வாங்கப்படமாட்டாது' என்று கறுப்பு மையில் ஒரு வரி. அதற்குக் கீழே சிவப்பு மையில் இன்னொரு வரி: 'மீறி வாங்கினால் வாங்கியவரே பொறுப்பு.'

கறுப்பு வரி ஊருக்கு எழுதினது. சிவப்பு வரி அவளுக்கென்றே எழுதினது.

எழுதினவர் பொன்னுதுரை. அந்தக் குளியலறைகளைக் குத்தகைக்கு எடுத்தவர். முத்தையாபுரத்தில் சொந்தமாக ஒரு பலசரக்குக் கடையும் உண்டு. கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்றை மண்டையில் ஏற்றிக்கொண்டால் இறக்குகிற பழக்கம் கிடையாது. காயினில் பத்துக் கோடு இருந்தால் நல்ல காசு, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு என்று எவனோ அவர் காதில் ஓதிவிட்டான். ரூபாய் அடையாளம் போடாததெல்லாம் பொய் என்று இன்னொருவன் சொன்னான். எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது. ரிசர்வ் வங்கி சொன்னால் பொன்னுதுரை கேட்டுவிடுவாரா? எதிர்த்த கடைக்காரன் வாங்கவில்லை, அதனால் இவர் வாங்கவில்லை. இவர் வாங்காததால் பக்கத்துக் கடைக்காரனும் வாங்கவில்லை. இப்படி ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் பயந்து, பாதி ஊர் அரசாங்கக் காசைக் கையால் தொடாமல் திரிந்தது.

ஆனால் பேட்டைக்கு வருகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள் மட்டும் இல்லையே. குஜராத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருவார்கள். காற்றாலை இறக்கையைக் கொண்டுவந்து கப்பலுக்குக் கொடுப்பார்கள், கரியோ உப்போ ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர்கள் சட்டைப்பையில் பத்து ரூபாய் காயின்தான் குலுங்கும். அட்டையோ தமிழில் இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறவனை நிறுத்தி, உன் காசில் எத்தனை கோடு என்று விசாரிக்கிற கல்மனசு சண்முகத்தாய்க்கு இல்லை. "போ போ, மொதல்ல போ" என்று கையைக் காட்டிவிடுவாள். திரும்பி வந்து அவன் நீட்டுகிற காயினை வாங்கிக் கல்லாப்பெட்டியில் போடுவாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பொன்னுதுரை பைக்கில் வந்து இறங்குவார். கல்லாப்பெட்டியை மேசையில் கவிழ்ப்பார். பத்து ரூபாய் காயினை மட்டும் புறங்கையால் தள்ளுவார்.

"இது எனக்கு வேண்டாம். உன் பொறுப்பு."

எத்தனை காயின் தள்ளினாரோ அத்தனை பத்து ரூபாய்த் தாளைச் சண்முகத்தாய் தன் பர்ஸிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். தாள் அவருக்கு, காயின் இவளுக்கு.

"வாங்காமத்தான் இருந்து தொலையேன்ளா" என்று இரண்டு வருஷத்துக்கு முந்தி, இது ஆரம்பித்த புதிதில் ஒரு நாள் சொன்னார்.

"வாங்குவேன் அண்ணாச்சி. அரசாங்கம் அடிச்ச காச செல்லாதுன்னு சொல்லுததுக்கு நான் யாரு, நீங்க யாரு?"

மறுநாள்தான் அந்தச் சிவப்பு வரி வந்தது.

காயினைச் செலவழிக்கிறதும் லேசுப்பட்ட காரியமாக இல்லை. மீன்காரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மருந்துக்கடைக்காரன் அதற்கு மருந்து தர மாட்டேன், மிட்டாய்தான் தருவேன் என்பான். வங்கியில் வாங்குவார்கள்தான், ஆனால் அதற்கு அரை நாள் லீவு போட வேண்டும். லீவு போட்டால் பொன்னுதுரை சம்பளத்தில் பிடித்துவிடுவார். அதனால் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தாள். அது நிறைந்து இன்னொரு பாட்டில் வந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் பேட்டை மொத்தமும் லாரிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்கும். நாலு மணி வரைக்கும் ஈ காக்கா வராது. அந்த நேரத்தில் காயின்களை மேசையில் கொட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். சும்மா பொழுதுபோகத்தான் ஆரம்பித்தாள். பார்க்கப் பார்க்க, ஒரே மாதிரி என்று நினைத்ததெல்லாம் வேறு வேறாகத் தெரிந்தது. வருஷத்துக்குக் கீழே சிலதில் சின்னதாக நட்சத்திரம் இருந்தது. சிலதில் சாய்ந்த சதுரம், சிலதில் ஒரு புள்ளி. சிலதில் ஒன்றுமே இல்லை. நட்சத்திரம் என்றால் ஐதராபாத்தில் அச்சடித்தது, சதுரம் என்றால் பம்பாய், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமில்லாதது கல்கத்தா என்பதெல்லாம் பிற்பாடுதான் அவளுக்குத் தெரியும். தெரிவதற்கு முன்னாலேயே அவள் பெயர் வைத்துவிட்டாள்: வெள்ளி, மூக்குத்தி, பொட்டு, மொட்டை.

பிறகு அவள் ஒரு ரூபாயையும் விடவில்லை, ஐந்து ரூபாயையும் விடவில்லை. கல்லாவில் விழுகிற சில்லறை முழுவதையும் பார்த்தாள். வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்கிற லென்ஸ் ஒன்றை எண்பது ரூபாய்க்கு வாங்கினாள். அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. கல்லாவிலிருந்து ஒரு காசை எடுக்க வேண்டுமென்றால் அதே மதிப்புக்குத் தன் காசை முதலில் உள்ளே போடுவாள். போட்ட சத்தம் கேட்ட பிறகுதான் மற்றதை எடுப்பாள். யாரும் பார்க்காத மத்தியானத்திலும் இப்படித்தான். அவளை யாரும் இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது என்பதில் அவளுக்குப் பெரிய இறுமாப்பே இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் ஜக்கரிய்யா அந்தப் பக்கம் வந்தார். காயல்பட்டினத்துக்காரர். இருபது வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து, துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்த்தார். லாரி தேடி வந்தவர் மேசையில் இருந்த நாலு குவியலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"மிண்ட் வாரியாப் பிரிச்சு வெச்சிருக்கியளே! யார் சொல்லித் தந்தா?"

"மிண்டு கிண்டெல்லாம் தெரியாது பாய். இது வெள்ளி, இது மொட்டை."

ஜக்கரிய்யா வாய்விட்டுச் சிரித்தார். அவரும் காசு சேர்க்கிற ஆள். யூடியூபில் பழைய காசுக்கு லட்சம் தருகிறேன் என்கிறவன் அத்தனை பேரும் ஏமாற்றுக்காரன், ஒரு பைசா அனுப்பிவிடாதீர்கள் என்று முதல் நாளே எச்சரித்தார். அபூர்வமான வருஷத்துக்கு நூறு கிடைக்கும், அச்சுப் பிசகினதற்கு முந்நூறு கிடைக்கும், அவ்வளவுதான் என்றார். அவள் முதலில் கண்டுபிடித்த பிசகு ஒரு ஐந்து ரூபாய். பூவைப் பார்த்துவிட்டுத் திருப்பினால் சிங்கம் தலைகீழாக நிற்கும். அதை அவருக்குக் காட்ட வேண்டுமே என்று, பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி புளி போட்டுப் பளபளவென்று துலக்கிக் கொண்டுபோனாள். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"பாதி வெலய புளியில கரைச்சிட்டியளே தாயி! காச துலக்கவே கூடாது. அழுக்குதான் அதுக்கு அழகு."

அன்றிலிருந்து அவள் ஒரு காசையும் துலக்கினது இல்லை.

ஆடிக்காற்று பேயாட்டம் ஆடின ஒரு சாயங்காலம். கண்ணைத் திறந்தால் உப்பும் கரித்தூளும் சேர்ந்து விழுந்தன. ஒரே நேரத்தில் பன்னிரண்டு டிரைவர்கள் குளிக்க வந்து நின்றார்கள். சண்முகத்தாய் காசைப் பார்க்காமலே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைவதற்குள் பொன்னுதுரை வந்துவிட்டார். கல்லாவைக் கவிழ்த்தார். வழக்கம்போலப் புறங்கையால் தள்ளப் போனவர், ஒரு காயினை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

பத்து ரூபாய் காயின் என்றால் வெளியே மஞ்சள் வளையம், நடுவில் வெள்ளை வட்டம். இதில் வட்டம் நடுவில் இல்லை. ஆஃப்பாயில் சட்டியில் சரிந்த மாதிரி ஒரு ஓரமாகச் சரிந்து, விளிம்போடு ஒட்டிக் கிடந்தது. அதன் மேல் அச்சும் கோணலாக விழுந்திருந்தது.

"இங்க பாருளா! பத்து ரூவா காயினே வாங்காதன்னு தலபாடா அடிச்சுக்கிடுதேன். நீ அதுலயும் சொத்தையப் பாத்து வாங்கிருக்க."

காசைக் காட்டச் சொல்லி அவள் கையை நீட்டினாள். அவர் காட்டவில்லை. மேசையில் வைத்து முன்னும் பின்னும் போட்டோ எடுத்தார். பேட்டைக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. இருநூற்று நாற்பது பேர் அதில் இருந்தார்கள். போட்டோவை அதில் போட்டுவிட்டு, செல்போனை வாய்க்கு நேரே பிடித்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"எல்லா அண்ணாச்சிமாருக்கும் வணக்கம். இந்த மாதிரி கள்ளக் காயின் வருது. ஜாக்கிரதையா இருங்க. நம்ம குளியலறைக்கு இன்னைக்கு ஒண்ணு வந்துச்சு. நான் வாங்க மாட்டேன்னு தூர எறிஞ்சிட்டேன். வாங்குனவங்க கையில பத்து ரூவா தாளா வசூலும் பண்ணிட்டேன். வணக்கம்."

சொன்னபடியே எறிந்தார். காயின் தரையில் உருண்டு, குளியலறையிலிருந்து சோப்புத் தண்ணீர் போகிற சாக்கடைக்குள் விழுந்தது. அவர் சண்முகத்தாயிடம் கையை நீட்டினார். அவள் பத்து ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து வைத்தாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

அவர் போனதும் அவள் சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு சாக்கடையில் கையை விட்டாள். நுரைக்குள் துழாவித் துழாவி எடுத்தாள். வெறும் தண்ணீரில் அலசினாள், தேய்க்கவில்லை. லென்ஸைச் செருகிப் பார்த்தாள். கோடு, எழுத்து, சிங்கம், எல்லாம் அச்சு அசலாக இருந்தது. வருஷத்துக்குக் கீழே வெள்ளி. கள்ளக்காசு அடிக்கிறவன் இப்படிக் கோணலாக அடித்து யாரை ஏமாற்றப் போகிறான்? அரசாங்கமே தூக்கத்தில் அடித்த காசு இது.  ஒரு காலி விக்ஸ் டப்பாவில் பஞ்சு வைத்து அதில் காயினைப் படுக்க வைத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜக்கரிய்யா போன் பண்ணினார்.

"தாயி, பொன்னுதுரை அண்ணாச்சி போட்ட போட்டோ ஊர் பூராச் சுத்துது. அந்தக் காயின் எங்க?"

"எங்கிட்டத்தான் பாய் இருக்கு."

"பத்திரம். பெங்களூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தஹ பாத்துட்டுப் பன்னண்டாயிரம் தாரேன்னு சொன்னாஹ. அவசரப்படாதிய."

அவள் மாதச் சம்பளம் ஒன்பதாயிரம். போனை வைத்துவிட்டு விக்ஸ் டப்பாவைத் திறந்து இன்னொரு தடவை பார்த்தாள். பன்னிரண்டாயிரத்தை விட, தன் கண்ணில் செருகின எண்பது ரூபாய் லென்ஸ் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அதே சேதியை எவனோ ஒரு அதிகப்பிரசங்கி குரூப்பிலும் போட்டுவிட்டான். 'அண்ணாச்சி, அது கள்ளக்காசு இல்ல, அச்சுப் பிசகின எரர் காயின். பன்னண்டாயிரம் போகும். சாக்கடையில தேடுங்க' என்று எழுதி, கீழே சிரிக்கிற பொம்மை நாலு போட்டிருந்தான்.

ஏழு வருஷத்தில் பொன்னுதுரை சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் பேட்டைக்கு வந்ததில்லை. அன்றைக்குப் பத்து மணிக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பொட்டலம். நல்ல கடையில் வாங்கின முந்திரி மக்ரூன்.

"ஏளா சண்முகம், இந்தா. வீட்டுக்குக் கொண்டு போ."

ஏழு வருஷத்தில் அவர் வாங்கிக் கொடுத்த முதல் பண்டம் அது. அவள் பொட்டலத்தைத் தொடவில்லை.

"என்ன விசேஷம் அண்ணாச்சி?"

"விசேஷம் என்ன விசேஷம். நேத்து ஒரு காயின் வந்துச்சுல்லா, அதக் குடு."

"எது, அந்தக் கள்ளக்காசா?"

"கள்ளக்காசோ நல்ல காசோ. என் கல்லாவுல விழுந்தது. குடு."

"தர மாட்டேன்" என்றாள் சண்முகத்தாய். இவ்வளவு சுருக்கமாக அவள் அவரிடம் பேசினதே இல்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

குளிக்க வந்து துண்டோடு நின்ற டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னுதுரையின் காது சிவந்தது. குரல் ஏறிற்று.

"என் எடத்துல உக்காந்து, என் கல்லாவுல கை வெச்சு, எனக்கே இல்லங்கியா? பட்டப்பகல் களவால்லா இருக்கு! எத்தன வருசமா இப்படி எடுத்துட்டு இருக்கியோ, கள்ளி! போலீஸக் கூப்பிடட்டா?"

கள்ளி. அந்த வார்த்தை அவள் நெஞ்சில் சுருக்கென்று ஏறிற்று. ஆளில்லாத மத்தியானத்திலும் போட்ட சத்தம் கேட்ட பிறகே எடுத்த கை அவளுடையது. அழுகை வருமோ என்று ஒரு நிமிஷம் பயந்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது, நல்ல சுத்தமான கோபம். நாற்காலியின் மேல் ஏறினாள். ஆணியில் தொங்கின அட்டையைக் கழற்றி, கீழே இறங்கி, அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"படிங்க அண்ணாச்சி."

"எனக்குத் தெரியாதா? நான் எழுதுனதுதான்."

"செவப்பு வரியப் படிங்க. சத்தமா."

அவர் படிக்கவில்லை. சாகுபுரத்துக்கு டேங்கர் ஓட்டுகிற ஜெபின், தினமும் அங்கே குளிக்கிறவன், தோளில் துண்டோடு முன்னால் வந்து படித்தான். "மீறி வாங்கினால் வாங்கியவரே பொறுப்பு."

"வாங்கினது யாரு? நான். பொறுப்பு யாரு? நான். ரெண்டு வருசமா ஒவ்வொரு காயினுக்கும் தாள் எண்ணி வெச்சேம்லா, அப்ப என் பொறுப்பு. இப்ப பன்னண்டாயிரம்ன உடனே ஒங்க கல்லாவா?"

"அது சும்மா ஒரு பேச்சுக்கு எழுதுனது..."

"நேத்து பேசுனதும் பேச்சுக்கா?" என்றான் ஜெபின். செல்போனை எடுத்து ஒரு தட்டு தட்டினான். பொன்னுதுரையின் குரல் பேட்டைக்கே கேட்டது. "நான் வாங்க மாட்டேன்னு தூர எறிஞ்சிட்டேன். வாங்குனவங்க கையில பத்து ரூவா தாளா வசூலும் பண்ணிட்டேன். வணக்கம்." டிரைவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தமிழ் தெரியாத ஒடிசாக்காரனும் சேர்ந்து சிரித்தான்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி" என்றாள் சண்முகத்தாய். "பத்து ரூவா காயின் செல்லுமா, செல்லாதா?"

பொன்னுதுரை யோசித்தார். செல்லாது என்றால், செல்லாத காசுக்கு எப்படிச் சொந்தம் கொண்டாடுவது? பன்னிரண்டாயிரம் கண் முன்னால் நின்றது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"செல்லும். ஏன் செல்லாது? அரசாங்கக் காசுல்லா!"

"நேத்து இருநூத்தி நாப்பது பேர்ட்ட கள்ளக்காசுன்னு சொல்லிருக்கிய. இதையும் அவங்கள்ட்ட சொல்லிருங்க."

சொன்னால் காயின் கைக்கு வந்துவிடும் என்று அவராக நினைத்துக்கொண்டார். செல்போனை வாய்க்கு நேரே பிடித்தார். "எல்லா அண்ணாச்சிமாருக்கும் வணக்கம். பத்து ரூவா காயின் எல்லாமே செல்லும். நம்ம குளியலறையிலயும் சரி, நம்ம கடையிலயும் சரி, இனிமே எவ்வளவு வந்தாலும் வாங்குவோம். வணக்கம்." அனுப்பியும் விட்டார்.

சண்முகத்தாய் மேசைக்கு அடியில் குனிந்து இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலையும் தூக்கி மேலே வைத்தாள்.

"அப்ப இதுவும் செல்லும். நீங்க தள்ளிவிட்ட காயின்தான். அறுநூத்திப் பதினாலு இருக்கு."

ஜெபினும் இரண்டு டிரைவர்களும் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினார்கள். சரியாக இருந்தது. பொன்னுதுரைக்கு வேறு வழி இல்லை. கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த கட்டிலிருந்து ஆறாயிரத்து நூற்று நாற்பது ரூபாயை உருவி வைத்தார். பிறகு உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"இப்ப அதக் குடு."

"எத?"

"வெளையாடாதளா! செல்லும்னு சொல்லிட்டேம்லா! அந்தக் காயின!"

சண்முகத்தாய் விக்ஸ் டப்பாவை எடுத்துத் திறந்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு தடவை காட்டினாள். மூடி, பர்ஸில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"செல்லாத காசுன்னா அது நீங்க சாக்கடையில எறிஞ்ச குப்ப. அதுல கைய விட்டு எடுத்தது நான். செல்லுத காசுன்னா, அதுக்குப் பத்து ரூவா தாள நேத்தே வாங்கிப் பையில போட்டுட்டிய. பத்துக்குப் பத்து சரியாப் போச்சு. எப்படிப் பாத்தாலும் அது என் காசு அண்ணாச்சி. வாங்க போலீஸுக்கு, நானே வாரேன். ஒங்க அட்டையையும் எடுத்துக்கிடுதேன், ஒங்க கொரலையும் ஜெபின் கொண்டு வருவான்."

ஒருத்தனும் சிரிக்கவில்லை. பொன்னுதுரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தனக்கென்று ஒரு முகம்கூட அங்கே இல்லை என்று தெரிந்ததும் கத்தினார்.

"நாளையிலருந்து வேலைக்கு வராத!"

"நாள என்ன, இப்பமே போறேன்." சாப்பாட்டு வாளியை எடுத்தாள், லென்ஸை எடுத்தாள். மக்ரூன் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "இதையும் எடுத்துக்கிடுங்க. வாங்கியவரே பொறுப்பு."

வீட்டுக்குப் போகிற வழியில்தான் அவளுக்கு உறைத்தது. வேலை போய்விட்டது. கள்ளி என்ற வார்த்தையோ அங்கேயே மேசை மேல் கிடந்தது. பன்னிரண்டாயிரம் வரும், செலவாகிவிடும். அந்த வார்த்தை செலவாகாது. உப்பளத்தில் வேலை பார்க்கிற அவள் புருஷன் அய்யாக்குட்டி, முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "சரியாத்தான் செஞ்சிருக்க" என்று மட்டும் சொன்னான்.

ஆனால் இரண்டாவது வணக்கம் என்ன செய்யும் என்று பொன்னுதுரைக்குத் தெரிந்திருக்கவில்லை. குரூப்பிலிருந்து குரூப்புக்கு அது தாவிற்று. எவ்வளவு வந்தாலும் வாங்குவோம் என்று ஒருவர் தன் வாயால் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? உண்டியலிலும் டவுசர் பையிலும் செல்லாமல் கிடந்த காயினெல்லாம் கிளம்பி வந்தது. திரேஸ்புரத்திலிருந்து மீன் வண்டிக்காரர்கள் பை பையாகக் கொண்டுவந்து குளித்துவிட்டுப் போனார்கள். ஐந்து ரூபாய்க்குப் போனவன் பத்து ரூபாய் காயினை நீட்டி மீதி ஐந்தைத் தாராளமாக நின்று வாங்கிப் போனான். பொன்னுதுரையே மேசையில் உட்கார்ந்து வாங்கினார். வேண்டாம் என்று வாயைத் திறந்தால், எவனாவது அவர் குரலையே போட்டுக் காட்டினான். கடையிலும் இதே கதை. மொத்த வியாபாரியிடம் கொண்டுபோனால், "காயின்லாம் வாங்குறது இல்ல அண்ணாச்சி" என்று அவன் புறங்கையால் தள்ளினான். அப்படித் தள்ளுகிறது எப்படி இருக்கும் என்று அவர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் அவர் சண்முகத்தாயின் வீட்டு வாசலில் வந்து நின்றார். பொட்டலம் எதுவும் கொண்டுவரவில்லை.

"நாளைக்கு வேலைக்கு வந்துரு" என்றார். "அந்தக் காயின எவன் தலையில கட்டுததுன்னு ஒண்ணும் ஓடல. நீதான் லாயக்கு."

"வாரேன். மொதல்ல ஒரு வார்த்தைய திருப்பி எடுக்கணும்."

"எந்த வார்த்த?"

 வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து வாய்க்கு நேரே பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம சண்முகத்தாய அன்னைக்குக் கோவத்துல ஒரு வார்த்த சொல்லிட்டேன். அது தப்பு. அவ கல்லாவுல ஒரு பைசா எடுத்தது இல்ல."

"கேக்கல" என்றாள் அவள். "அன்னைக்கு நல்லா சத்தமாச் சொன்னிய."

அவர் அதை அழித்துவிட்டு, இன்னொரு தடவை தெரு கேட்கிற மாதிரி சொல்லி அனுப்பினார். எதிர்வீட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். சண்முகத்தாய்க்கு அப்போதுதான் கண் நிறைந்தது. அதை அவருக்குக் காட்டாமல் முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் காயின்?" என்று பொன்னுதுரை மெதுவாகக் கேட்டார். ஆசை விடவில்லை.

"நேத்துதான் வித்தேன். பதினாலாயிரம். ஜக்கரிய்யா பாய் பேசி ரெண்டாயிரம் ஏத்திவிட்டாஹ." பாயின் பேச்சு அவள் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "சரி, வேற என்ன வேணும்? சம்பளம் கூட்டணுமா?"

"கூட்ட வேண்டாம். மாசம் ஒரு அரை நாள் பேங்குக்குப் போவேன், அதுக்குப் பிடிக்கப்படாது."

"சரி."

"பெறவு, அந்தச் சம்பளத்த எனக்குத் தாளாத் தர வேண்டாம் அண்ணாச்சி. ஒம்பதாயிரத்தையும் பத்து ரூவா காயினாவே குடுங்க. ஒண்ணொண்ணாப் பாத்து வாங்கிக்கிடுதேன்."